மூன்று மாதம் பொறுக்காத நான்

இரண்டு பிள்ளைகள் போதுமென்று, மிளகு பறிப்பு முடிந்ததும் மலையிறங்கிப் போய் நானே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். "மூணு மாசம் ஜாக்கிரதையா இருங்க, அப்புறம் டெஸ்டுக்கு வாங்க" என்று நர்ஸ் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் மாதம் என் மனைவி சாந்தி கர்ப்பமானது தெரிந்தது. "யாருதுன்னு சொல்லு" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, என்னயப் பாத்தா இப்படிக் கேக்கறீங்க?" என்றவள், மலையிலேயே திண்ணனூர் நாடு என்ற பகுதியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் குற்றத்தை நிரூபிக்கவே டெஸ்டுக்குப் போனேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். "விதையிலருந்து விந்தணு போற குழாயைத்தான் வெட்டிக் கட்டுனோம். வெட்டுக்கு மேல ஏற்கெனவே தங்குனது தீர மூணு மாசமாவது ஆகுமுங்க. அது உங்க குழந்தைதான்."

அன்றே அவள் தாய் வீட்டுக்கு ஓடினேன். அதற்கு முந்தின வாரமே கரு கலைந்திருந்தது.

சாந்தி திரும்பி வந்துவிட்டாள். சமைக்கிறாள், காட்டு வேலைக்கும் வருகிறாள். என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யார் இந்த ஆபரேஷன் செய்துகொண்டாலும், கூச்சம் பார்க்காமல் அவர்கள் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து டெஸ்டுக்கும் நானே கூட்டிப் போகிறேன்.

- ஒரு வாசகர், கொல்லிமலை