முப்பது நாள் தண்ணீருக்கான விறகு

என் மகளின் மாமியார் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று அவர் வீட்டுச் சோபாவில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது அவரைக் கடித்துக் குதற வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது. மகளுக்கு அப்போது மூன்று மாதம். நல்ல செய்தி கேட்டு, மலாக்கா டவுனில் அவர்கள் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பழங்களோடு போயிருந்தேன். பேச்சு பிரசவத்துக்கு வந்தது. தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டில் இருப்பதுதானே நம் வழக்கம். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"பொண்ணு இங்கயே இருக்கட்டும் அண்ணா. அங்க பாத்துக்க யாரு இருக்கா?"

யாரும் இல்லைதான். என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. புக்கிட் ரம்பாயில் எங்கள் வரிசை வீட்டில் நானும் ஒரு ரைஸ் குக்கரும்தான். மகள் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள், பிறகு நான்காக. அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள், முப்பது நாளும் அங்கேதான் இருப்பாள், எல்லாம் ரெடி என்றேன். ஒரு மண்ணும் ரெடியில்லை.

காரில் ஏறி நேராக ரெம்பியாவுக்கு விட்டேன். அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பெண்களின் இடுப்பு அவள் கை பட்டுத்தான் நிமிர்ந்தது. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றுவாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. குழாயில் வருகிற ஹீட்டர் தண்ணீரென்றால் தான் வரமாட்டேன் என்றாள். கேஸ் அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுமாம். ஒரு நாளைக்கு இரு கை கொள்ளும் அளவு விறகு வேண்டும். அப்படி முப்பது நாளுக்கு, அதற்கு மேல் மழை நாளுக்கென்று கொஞ்சம்.

"நல்லா காஞ்ச வெறகா சேத்து வையி தம்பி, வரேன். புகையிற கட்டைய வெச்சிக்கிட்டு என்னைக் கூப்பிடாத. பச்சப்புள்ள இருக்கப்போற வீடு."

என்னால் முடியாது என்று அவள் நினைத்தது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. நியாயம்தான். நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் விறகு எடுத்ததெல்லாம் அம்மாவும் அக்காவும். நான் பந்து உதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முப்பது வருடம் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். விறகைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது எரியும் என்பது மட்டும்தான்.

எங்கள் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் சரக்கு அடுக்கி உடைந்த பேலட் பலகைகள் மலைமலையாகக் கிடக்கும். கேட்டால், தூக்கிக்கொண்டு போ என்பார்கள். ஒரே மாலையில் கார் நிறைய அள்ளி வந்தேன். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், பெருமையாகத்தான். பத்தே நிமிடத்தில் போன் வந்தது. பூச்சிக்கு மருந்தடித்த பலகையை எரித்து அந்தப் புகையைப் பிள்ளை மூக்கில் ஏற்றப் போகிறாயா, புத்தி கித்தி இருக்கிறதா என்று கிழித்துவிட்டாள். பலகைகள் வந்த வழியே திரும்பிப் போயின.

லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் மறுநடவுக்காக ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அடிமரமெல்லாம் லாரியில் மில்லுக்குப் போய்விடும், கை தடிமனுள்ள கிளைகள் அங்கேயே கிடக்கும். குத்தகைக்காரர் முன்னால் போய் நின்றேன். எதற்கு என்று கேட்டார். மகள் பிரசவத்துக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது, அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். காரின் பின் சீட்டைக் கழற்றி ஹாலில் வைத்தேன். ஞாயிறுதோறும் போனேன். பாராங் கத்தியால் சிம்புகளைக் கழித்து, கை ரம்பத்தால் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தேன். பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது, கொசு பிய்த்து எடுத்தது. அறுபத்திரண்டு வயது முதுகு, கேட்கவா வேண்டும். தைலம் தேய்த்துவிட வீட்டில் ஆள் இல்லாததால் தைலத்தைத் துண்டில் ஊற்றி, துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் புரண்டேன்.

எங்கள் வீட்டின் அகலம் இருபதடி. சமையலறையை நீட்டிக் கட்டியது போகப் பின்பக்கம் ஆறடிதான் மிச்சம். அதிலும் துணிக்கொடி, கேஸ் சிலிண்டர், என் மனைவி வைத்த கறிவேப்பிலைச் செடி. விறகை அங்கே சுவரோடு சுவராக, ஒரு இடுக்கு விடாமல், இடுப்பு உயரத்துக்கு அடுக்கினேன். மழைக்குப் பயந்து நீலக் கேன்வாஸைப் போர்த்தி நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். பார்சல் கட்டியதுபோல் அத்தனை கச்சிதம். பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்காரம்மா, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துப் பாம்பு வந்து குடியேறும் என்றார். மகள் போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"ஏம்பா இந்தக் குப்பைய வீட்டுக்குள்ள சேக்கறீங்க? நான் ஹீட்டர்லயே குளிச்சிக்கிறேன் லா."

போனை வைத்துவிட்டேன். யாருக்காக இதெல்லாம் என்று அவளுக்கே தெரியவில்லையே என்று அன்று முழுக்கச் சிடுசிடுத்துக்கொண்டு திரிந்தேன். மறு ஞாயிறும் போனேன்.

ஏழாம் மாதம் அக்கா பார்வையிட வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே பின்பக்கம் போனாள். கேன்வாஸை அவிழ்த்ததும் வெதுவெதுப்பாக ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. கட்டைகள் மேல் கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சணம். தரையில் வண்டு துளைத்த மாவு சிந்திக் கிடந்தது. அக்கா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். தொப்பென்றது.

"காஞ்ச கட்டைன்னா கணீர்னு கேக்கும். காத்தே படாம பொத்தி வெச்சிருக்கியே. நான் வேணா சம்பந்தியம்மாகிட்ட பேசவா?"

பேச வேண்டாம் என்றேன். கத்தலாகத்தான் வந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் போன பிறகு அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், இதில் என்ன வெட்கம். வெட்டியவனும் நான், மழை மழை என்று பயந்து புழுங்க வைத்துக் கெடுத்தவனும் நான். மகள் அந்தப் பிஸ்கட்டை உடைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. என் மனைவி இருந்திருந்தால் இப்படி ஒரு கேள்வியே வந்திருக்காது. நீ எதற்கடி இத்தனை சீக்கிரம் போனாய் என்று அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் காலை காரை எடுத்து ரோட்டோரம் போட்டேன். எங்கள் வீட்டில் மாலை வெயில் நன்றாக அடிப்பதும் காற்று ஓடுவதும் முன்பக்கம், கார் நிறுத்தும் கூரைக்கடியில்தான். கார் நனையட்டும், கட்டை காயட்டும் என்று முடிவு செய்தேன். வண்டு விழுந்தவற்றைத் தனியே ஒதுக்கினேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கோடாலியால் இரண்டாகப் பிளந்தேன். தரையில் சிமெண்டுக் கற்களை வரிசையாகப் போட்டு, நீளவாக்கில் ஒரு அடுக்கு, அதன் மேல் குறுக்கே ஒரு அடுக்கு என்று ஏற்றினேன். சுவருக்கும் விறகுக்கும் நடுவே கை நுழையும்படி இடம் விட்டேன். சாரல் அடித்தால் மட்டும் முன்னால் ஒரு தகரத்தைச் சாய்ப்பேன், நின்றதும் எடுத்துவிடுவேன். மக்சிக் வந்து எதற்கு இத்தனை பாடு என்று கேட்டார். மகளுக்குப் பந்தாங், பிள்ளை பெற்றவள் இருக்கும் பத்தியக் காலம், முப்பது நாள் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். பந்தாங் அவர்களுக்கும் உண்டு. அதற்குப் பிறகு அவர் பாம்பைப் பற்றிப் பேசவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் மழை வந்தால் அவரே வந்து தகரத்தைச் சாய்த்து வைத்தார்.

தினமும் காலையில் பல் விளக்கியதும் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பேன். தொப். ஒரு வாரம், இரண்டு வாரம், தொப்தான். ஒரு மாதம் போல் ஆனதும் சத்தம் கொஞ்சம் தெளிந்தது. ஒன்பதாம் மாதம் ஒரு நாள் மேலடுக்குக் கட்டை இரண்டைத் தட்டினேன், கணீரென்றது. நம்பாமல் இன்னும் இரண்டைத் தட்டினேன். பிறகு நின்ற இடத்தில் நின்று அடுக்கு முழுவதையும் தட்டித் தீர்த்தேன். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாம் ரெடிதானே அண்ணா என்று கேட்டார். ரெடி என்றேன். ஆறு மாதத்துக்கு முன் சொன்ன அதே சொல்தான், இந்தத் தடவை பொய் இல்லை. அவர் கொஞ்ச நேரம் என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த துணிமூட்டையை என் மடியில் வைத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா துணிப்பையோடு வந்து இறங்கினாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு கட்டைகளை உருவித் தட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. அண்டா எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

முதல் தண்ணீர் ஊற்றிய காலை நான் பின்பக்கம் மூன்று கல் கூட்டிய அடுப்பின் முன்னால் குந்தியிருந்தேன். புகையே இல்லாமல் தீ நின்று எரிந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. இடுப்பில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. கூடவே மகள் கத்தினாள்.

"அம்மா!"

சூடு பட்டால் யாரும் கத்துவதுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள், மகள் விசும்புவது கேட்டது. பிறகு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு வாளி கொண்டா தம்பி என்றாள். மொண்டு போய்க் கதவருகே வைத்தேன். திரும்பி வந்து இன்னொரு கட்டையை அடுப்புக்குள் தள்ளினேன்.

முப்பது நாளும் விறகுக்குக் குறைவில்லை. முப்பத்தோராம் நாள் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் கூட்டிப்போக வந்தார்கள். கூரைக்கடியில் இன்னும் முழங்கால் உயரத்துக்கு விறகு மீதியிருந்தது. இனி இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டுக் காரை உள்ளே விடலாமே அண்ணா என்றார் சம்பந்தியம்மா. நானும் தலையாட்டினேன். மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"குடுத்துடாதீங்கப்பா. ரெண்டாவதுக்கும் நான் இங்கதான் வருவேன்."

இரண்டாவதுக்குத் தாய்வீடு என்று வழக்கம் ஒன்றும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் போனதும் மிச்ச விறகைப் பிரித்து, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, மறுபடி அடுக்கினேன். கார் இன்னும் ரோட்டோரம்தான் நனைகிறது.