பெரட்டு கூப்பிடும் குரல்

மன்னித்துவிடு, மறந்துவிடு என்று எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரையும் இருபது முப்பது மாணவர்கள் பார்த்திருக்க, பாதி வாக்கியத்தில் யாரும் உட்கார வைத்ததில்லை. என்னை ஒருவர் வைத்தார். அதனால் புத்தி சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

அப்போது நான் முதுகலை மாணவி. டியூட்டர் வேலை கிடைக்க வேண்டுமானால் ஒரு வகுப்பை நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் தமிழர்தான். ஆறாவது நிமிடத்தில் எழுந்தார். ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த வகுப்பில் தமிழில் சொன்னார்.

"போதும், உட்காரு. லயத்துல பெரட்டு கூப்பிடற மாதிரி இருக்கு."

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். அவர்களுக்கு மட்டும் புரிய வேண்டும் என்றுதானே தமிழில் சொன்னார். மிச்ச வகுப்பை அவரே நடத்தி முடித்தார். வேலை வேறு ஆளுக்குப் போனது. நான் கோலா சிலாங்கூருக்குத் திரும்பி, ஒரு துணிக்கடை மாடியில் நான்கு வருடம் டியூஷன் சொல்லிக்கொடுத்தேன்.

பெரட்டு என்னவென்று அந்த மனிதரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் இருந்தது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். என் அப்பா அங்கே மண்டோர், கங்காணி மாதிரி. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் வேலை என்று பிரித்துவிடுவார். அதுதான் பெரட்டு. சொன்னதோடு விடமாட்டார். "என்னா சொன்னேன், சொல்லு" என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைப்பார். சொல்லத் தெரியாத ஆள் வரிசையைவிட்டு நகர முடியாது. அந்தக் குரல் எனக்கும் வாய்த்திருந்தது. அதைத்தான் பேராசிரியர் சிரிப்புக்கு இடமாக்கினார். அப்பா கண் மூடும்வரை இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பிறகு முட்டி மோதி முனைவர் பட்டம் வாங்கினேன். இப்போது எங்கள் வட்டாரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகக் கிளையில் வேலை. வகுப்பெடுக்கப் போகும் முதுகலை, முனைவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பழக்குவது என் பொறுப்பு. முதல் நாள் முதல் பயிற்சி, எல்லோர் பேரையும் கூப்பிட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது. படிவத்தில் அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பேர் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் பெரட்டு என்பேன்.

பிறகு ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். நான் மணி அடிக்கும்வரை யாரும் குறுக்கே வாய் திறக்கக்கூடாது. முடிந்ததும், கேட்டவர்கள் தங்களுக்குப் புரிந்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். புரியாவிட்டால் வெறுந்தாள். நடத்தியவரே நின்று அவற்றை உரக்க வாசிக்க வேண்டும். பாதிக்கு மேல் வெறுந்தாள் என்றால் சான்றிதழ் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இந்தச் சட்டங்களை எழுதும்போது யாரை நினைத்து எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருடம் நிர்வாகம் ஒரு புது விதி கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் விரிவுரையாளர்களும் இந்தச் சான்றிதழ் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. பட்டியல் வந்தது. பதினான்கு பேர். பதிமூன்று பேர் மாணவர்கள். பதினான்காவது பேரைப் பார்த்ததும் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஓய்வு பெற்று, எங்கள் கிளையில் புள்ளியியல் எடுக்க வந்திருந்தார் என் பேராசிரியர். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

முதல் நாள் என்னைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றார். அடையாளம் தெரியவில்லை. நான் பதினேழு வருடமாகச் சுமந்ததை அவர் அன்றைக்கு மத்தியானச் சோற்றோடு மறந்திருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அவருடைய முறை வருவதற்குள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டும். "போதும் சார், உட்காருங்க." குரலை ஏற்றிச் சொல்லிப் பார்த்தேன், இறக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானது தெரிந்தது.

அவருக்கு முன்னால் சபாக்கிலிருந்து வரும் ஒரு பெண்ணின் முறை வந்தது. நல்ல பிள்ளை, பயந்த சுபாவம். "கையெல்லாம் நடுங்குது மேடம், நாளைக்குப் பண்றேன் லா" என்றாள். போய் நில்லு என்றேன். நான்கு நிமிடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு வார்த்தையில் தடுக்கினாள். கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

"போதும்மா, உட்காரு. நான் சொல்றேன்."

அந்தப் பெண் உட்காரப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"நீங்க உட்காருங்க சார்" என்றேன். "மணி அடிக்கறது நான்."

உட்கார்ந்தார். காருக்குள் அத்தனை முறை ஒத்திகை பார்த்தது ஒன்றுக்கும் உதவவில்லை, தானாகவே வந்துவிட்டது. அந்தப் பெண் பத்து நிமிடத்தையும் முடித்தாள். பதிமூன்று தாளிலும் எழுத்து இருந்தது.

மறுவாரம் அவர் நடத்தினார். சராசரிக்கும் நடு அளவுக்கும் உள்ள வித்தியாசம் பாடம். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். ஆறாவது நிமிடம் வந்தது. கால் துறுதுறுத்தது. ஆனால் நான் எழவில்லை. என் சட்டத்தை அவருக்காக உடைப்பதா? அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர் இல்லை. பத்து நிமிடமும் பேசவிட்டேன், பிறகு தாள்களைக் கையில் கொடுத்தேன்.

"வாசிங்க சார்."

முதல் தாள் வெறுந்தாள். "காலி" என்றார். அடுத்ததும் காலி. ஒன்பது முறை அந்த வார்த்தையைச் சொன்னார். ஒரு தாளில், சாருக்கு முதுகு வலி போல, திரும்பவே இல்லை என்று எழுதியிருந்தது. அதையும் வாசிக்க வைத்தேன். வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

தோற்றவர், தேறிய ஒருவரோடு ஒரு வாரம் பழக வேண்டும் என்பதும் என் சட்டம்தான். சபாக் பெண்ணை அவருக்குப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன்.

"என்னா மேடம் சொல்லிக் குடுக்கறது அவருக்கு? புரொபசர் லா அவரு."

"பெரட்டு சொல்லிக் குடு" என்றேன். "திருப்பிச் சொல்ல வை. சொல்லலன்னா விடாத."

அவள் விடவில்லை. முதல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு எழுந்து போனாராம். ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறதே என்று மூன்றாம் நாள் அவராகவே வந்து உட்கார்ந்தாராம்.

வெள்ளிக்கிழமை திரையைப் போடவில்லை அவர். பதிமூன்று பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உயர வரிசையில் நிறுத்தினார். "நீ எத்தனாவது, சொல்லு" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஏழாவதாக நின்றவனைத் தொட்டு, இவன்தான் நடு என்றார். பிறகு கடைசியில் நின்ற நெட்டைப் பையனை நாற்காலிமேல் ஏறச் சொன்னார். சராசரி உயரம் ஏறிவிட்டது, நடு ஆள் மாறினானா? மாறவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு தாள்கூடக் காலியில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான். இவ்வளவு நன்றாக நடத்துவார் என்று நான் நினைக்கவில்லை.

என் அறைக்குப் படிவத்தோடு வந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் அவர் நிரப்ப வேண்டும். இந்த முறையை எங்கிருந்து கற்றீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. பயிற்சியாளர் மட்டும் படித்து வைத்துக்கொள்ளும் பக்கம்.

"இதுல என்ன மேடம் எழுதறது?"

"லயத்துல பெரட்டு கூப்பிடறதுல இருந்து கத்துக்கிட்டேன்னு எழுதுங்க சார். தமிழ்லயே எழுதலாம்."

பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்தது.

"நீயா?"

"ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க சார்."

எழுதினார். எழுத்து மணிமணியாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ் அவரோடு போனது. அவர் எழுதிய அந்தப் பக்கம் என் மேசை இழுவறையில் இருக்கிறது. அவர் இப்போதும் வராந்தாவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். நான் குனிவதில்லை.