மாட்டு வயிற்றில் ஒரு வடக்கு

வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்: எங்கள் மாட்டுக்குக் கம்பியைத் தின்னக் கொடுத்த முட்டாள் நான்தான். தட்டில் வைத்து நீட்டவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எங்கள் தோட்டம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி இருக்கிறது. கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் வீசிவிட்டுப் போவதில்லை. விருந்தாளி மாதிரி வந்து மாசக்கணக்கில் தங்கும், கிளம்பும்போது எதையாவது எடுத்துக்கொண்டும் போகும். கொடியில் காயும் வேட்டி, கோழிக்கூண்டின் கூரை, ஒருமுறை நான் உட்கார்ந்து எழுந்த பிளாஸ்டிக் நாற்காலி. வைக்கோல் போரின் மேல் போர்த்தும் தார்ப்பாய்தான் அதற்கு ரொம்பப் பிடித்த சாமான். கயிறு போட்டுக் கட்டினால் வெயிலில் இற்றுப்போகும். காற்று ஒரே இழுப்பு இழுக்கும். காலையில் பார்த்தால் பாய் பனைமரத்தில் தொங்கும்.

"நல்ல நைலான் கயிறா வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

ஒரு சாதாரண மனிதன் போய்க் கயிறு வாங்கி வந்திருப்பான். எனக்கோ மூளை வேலை செய்தது. அது வேலை செய்த ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதாவது உடைந்திருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மாட்டுக்கொட்டகை கட்டியபோது மிச்சமான கட்டுக்கம்பி ஒரு சுருள் கிடந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பிகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவார்களே, அந்த மெல்லிய கம்பி. "கயிறு இத்துப்போகும். கம்பி இத்துப்போகுமா?" என்று கேட்டேன். அவள் கோழிக்குத் தீவனம் போடப் போய்விட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தார்ப்பாய் அசையவில்லை. காற்று சுற்றிச் சுற்றி வந்து தோற்றுப்போனது. டீக்கடையில் இதை ஒரு வாரம் பேசினேன்.

ஆனால் தினமும் வைக்கோல் எடுக்க வேண்டுமே. கட்டிங் பிளேயரால் ஓரிடத்தில் நறுக்குவேன், வைக்கோலை உருவுவேன், மறுபடி முறுக்குவேன், நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அழகுக்காக இன்னொரு நறுக்கு. நறுக்கிய துணுக்கெல்லாம் எங்கே போய் விழுகிறது என்ற கேள்வி மட்டும் காற்றை ஜெயித்த அந்த மூளைக்கு வரவே இல்லை.

அந்த மாடு என் மனைவியின் மாடு. தாய் செத்துப்போன கன்று. பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்தவள் அவள். இப்போது அதற்கே முதல் கன்று பிறந்திருந்தது. அவள் என்னோடு பேசுவதைவிட அதனோடுதான் அதிகம் பேசுவாள். அதற்குப் பொறாமைப்பட்டுப் பயனில்லை. அது குறுக்கே பேசாமல் கேட்கும்.

ஒரு நாள் காலையில் பால் பாதியாகக் குறைந்தது. மறுநாள் தீவனத் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. முன்கால் முட்டிகளை வெளியே தள்ளி, முதுகை வில்லாக வளைத்து, அடியெடுத்து வைக்கவே யோசித்துக்கொண்டு நின்றது. படுக்கும்போது ஒரு முனகல். கன்று வந்து முட்டினால்கூட விலகியது.

"ஏனுங்க, அசையே போடலீங்க" என்றாள். குரலில் ஈரம் தெரிந்தது. நான் வாயைத் திறந்து ஒரு நகைச்சுவை சொல்லப் பார்த்தேன். வரவில்லை. எனக்கு அது நடப்பதே அபூர்வம்.

மிருகாசுபத்திரியிலிருந்து டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், மலையாளி. நன்றாகத் தமிழ் பேசுவார், வாக்கியம் முடியும்போது மட்டும் மலையாளத்தில் போய் இறங்கிவிடுவார். மாட்டின் முதுகில், தோள்களுக்கு நடுவே, கையை வைத்து அமுக்கினார். மாடு முனகியது. இடது முன்காலுக்குப் பின்னால் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து வைக்கோல் போரைப் பார்த்தார். வெயிலில் என் கம்பி பளபளத்தது.

"சேட்டா, அது எந்தாணு?" அது என்ன என்று கேட்டார்.

"காத்துக்குங்க டாக்டர்..." என்று ஆரம்பித்தேன்.

மனைவியும் போரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானே முழுக் கதையையும் சொன்னேன், டீக்கடைப் பகுதியைத் தவிர.

டாக்டர் திட்டவில்லை. மாடு நம்மைப் போல வாயில் வைத்து ருசி பார்க்காது, நாக்கால் வாரிச் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும் என்றார். இரும்புத் துணுக்கு கனமானது, அதனால் இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிற்றின் உள்சுவர் தேன்கூடு மாதிரி இருக்கும். அது சுருங்கி விரியும்போதெல்லாம் கம்பி முனை குத்தும்.

"அதுக்கு முன்னாடி என்னங்க இருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஹார்ட். ஒரு கையகலம்கூட தூரம் இல்லா."

அவள் மாட்டின் கழுத்தில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

டாக்டர் தன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து மாட்டின் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனார். சில மாடுகளுக்கு முன்பே காந்தம் கொடுத்திருப்பார்களாம், இருந்தால் முள் திரும்பிக் காட்டிவிடுமாம். எங்கள் மாட்டிடம் முள் அசையவில்லை. பையிலிருந்து விரல் நீளத்துக்கு, வழவழவென்று, இரண்டு முனையும் உருண்டையான ஓர் உலோகத் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஊசி போட்டாயிற்று, நாளை காலை வெறும் வயிற்றில் இதை விழுங்க வைக்கலாம், அதுவரை பத்திரம் என்றார். கம்பி இன்னும் ஆழமாகப் போகவில்லையென்றால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். போயிருந்தால்? "ஓப்பரேஷன். அதும் உறப்பில்லா. நோக்காம், பேடிக்கண்டா." அதுவும் நிச்சயமில்லை, பார்ப்போம், பயப்படாதீர்கள் என்று அர்த்தம். பயப்படாதீர்கள் என்று ஒரு டாக்டர் சொன்னால் எனக்கு இரண்டு பங்கு பயம் வரும்.

அன்று சாயங்காலம் முழுவதும் அந்தக் காந்தம் என் கையில்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவன், கவலையில் இருக்கிறவன், காந்தத்தை வைத்து விளையாடுவானா என்று கேட்காதீர்கள். விளையாடினேன். இரும்புக் கேட்டில் ஒட்டியது. அரிவாளில் ஒட்டியது. பால் கேனில் ஒட்டவில்லை, அது அலுமினியம். சமையலறையில் எவர்சில்வர் குடத்தில் ஒட்டவில்லை, மூடியில் லேசாக ஒட்டியது. ஒரு ஆணியைப் பிடித்தது. அந்த ஆணியின் நுனியில் இன்னொரு ஆணி தொங்கியது, அதன் நுனியில் இன்னொன்று. காந்தம் இரும்பைப் பசியோடு இழுக்கிறது என்றுதான் பள்ளிக்கூட நாள் முதல் நினைத்திருந்தேன். முதல் ஆணிக்கு எப்படிப் பசி வந்தது?

கைபேசியில் தேடிப் படித்தேன். புரிந்த மாதிரியும் புரியாத மாதிரியும் இருந்தது. பிறகு எங்கள் பால் சொசைட்டியை நினைத்ததும் பளிச்சென்று பிடிபட்டது.

காலையில் சொசைட்டி முற்றத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கேனோடு ஊரே நிற்கும், ஆனால் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒரு கூட்டம் அரசியல், ஒரு கூட்டம் போர்வெல், ஒரு கூட்டம் யார் வீட்டுக் கல்யாணம். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மொத்தத்தில் எந்தத் திசையும் இல்லை. இரும்பும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதால் ஒன்றின் வலுவை இன்னொன்று ரத்துசெய்து சும்மா கிடக்கின்றன. பால் வண்டியின் ஹாரன் கேட்டதும் என்ன ஆகும்? அத்தனை பேரும் கேட்டைப் பார்த்துத் திரும்புவார்கள். காந்தம் பக்கத்தில் வந்தால் இரும்புக்கு நடப்பது அதுதான். எல்லாம் ஒரே பக்கம் திரும்பியதும் அந்த ஆணியே காந்தமாகிவிடுகிறது. அதனால்தான் அது அடுத்த ஆணியைப் பிடிக்கிறது. வண்டி போனதும் பழையபடி கல்யாணப் பேச்சு. வண்டி போன பிறகும் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிடிவாதக்காரர்களின் கூட்டம்தான் நிஜக் காந்தம். அலுமினியம் சொசைட்டியில் உறுப்பினரே இல்லை.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அப்ப அந்தக் கம்பி, குத்தாம அதுமேல படுத்துக்குமுங்களா?"

"நீளவாக்குல ஒட்டிக்கும் புள்ள. குத்தாது."

"நெசமாவா?"

நிஜமாகத் தெரியாது. "நெசமாத்தான்" என்றேன்.

அடுத்ததாகப் படித்ததுதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. சூடு பட்டாலும் பலமாக அடி பட்டாலும் உள்ளே வரிசை கலைந்து, காந்தம் வலு இழக்கலாமாம். நானோ அரிவாளில் ஒட்டிப் பார்த்த வேகத்தில் அதை ஒருமுறை சிமெண்டுத் தரையில் போட்டிருந்தேன். சத்தம் இன்னும் காதில் இருந்தது. ஓடிப்போய் மறுபடி ஆணிகளைத் தொங்கவிட்டேன். முன்பு போலவே சரமாக நின்றன. அதன் பிறகு காந்தத்தை ஒரு துண்டில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

காலையில் டாக்டர் வந்து, மனைவி தலையைப் பிடித்துக்கொள்ள, ஒரு குழாயால் நாக்கின் அடிவரைக்கும் கொண்டுபோய்க் காந்தத்தைத் தள்ளினார். மாடு விழுங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துத் திசைகாட்டியை நெஞ்சுப் பக்கம் வைத்தார். முள் ஒரு சுற்றுத் தடுமாறி, மாட்டைப் பார்த்து நின்றது. எங்கள் தோட்டத்தில் வடக்கு இடம் மாறிவிட்டது.

முன்பக்கம் உயரமாக நிற்க வைக்கச் சொன்னார், கம்பி முன்னால் தள்ளாமல் இருக்க. மண் கொட்டி மேடு போட்டேன். மாடு மேடையேறிய தலைவர் மாதிரி நின்றது. பேசத்தான் இல்லை.

அப்புறம் காத்திருப்பு. நான் சும்மா இருக்கிற ஆளா? டிராக்டரின் பழைய ஸ்பீக்கரை உடைத்து அதன் வட்டக் காந்தத்தை எடுத்தேன், ஒரு குச்சியில் கட்டினேன். கம்பியையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, வைக்கோல் போரைப் பிடிப்பிடியாகப் பிரித்துச் சீப்பால் தலை வாருவது போல வாரினேன். டிக், டிக் என்று துணுக்குகள் வந்து ஒட்டின. ஒவ்வொன்றும் என் கையெழுத்து. ஒட்டிய துணுக்கின் மேல் இன்னொரு துணுக்கு, மீசை முளைத்த மாதிரி. தார்ப்பாய் மட்டும் கல் வைத்துக் கிடந்தது, கல்லைத் தள்ளப் பார்த்துக் காற்று சிரித்தது.

இடையிடையே போய் மாட்டின் நெஞ்சில் கைபேசியை வைத்துப் பார்ப்பேன். முள் திரும்பும். காந்தம் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். மாடு பிழைக்குமா என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதை ரசித்திருக்கிறார்.

"ஏனுங் மாப்ள, மாட்டுக்கு வாஸ்து பாக்கறீங்களா?"

"ஆமாங் மாமா. ஈசானி மூலையில காம்பு இருக்குது, மாத்தோணும்ங்கறாங்க."

அவர் சிரித்தார். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. என் மனைவியும் சிரித்துவிட்டாள் என்று நான் சத்தியம் செய்வேன். அவள் மறுப்பாள்.

இத்தனைக்கும் அவள் ஒருமுறைகூட "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவள் தரவில்லை.

பிறகு ஒரு மதியம். போரின் கடைசிப் பகுதியை வாரிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து, "ஏனுங்க, இங்க வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். மெதுவாகக் கூப்பிட்டதுதான் பயமாக இருந்தது. குச்சியும் காந்தமுமாக ஓடினேன்.

மாடு படுத்திருந்தது. முனகல் இல்லை. கண் பாதி மூடியிருந்தது. தாடை இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. தொண்டையில் ஓர் உருண்டை ஏறி வந்தது, மறுபடி மெல்லத் தொடங்கியது. கன்று மடியில் முட்ட, அது விலகவில்லை. மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நான் காற்றைக் குறை சொல்லிக்கொண்டே என் கண்ணைத் துடைத்தேன்.

டாக்டருக்குப் போன் போட்டோம். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தார், முதுகை அமுக்கினார். மாடு திரும்பி அவர் பையை முகர்ந்தது, அவ்வளவுதான். இனி அந்தக் காந்தம் அங்கேயேதான் இருக்கும், மாட்டின் ஆயுசு முழுவதும் என்றார். வைக்கோல் தொட்டிக்குப் போகும்முன் அந்தக் குச்சிக் காந்தத்தால் தினமும் வாருவதை மட்டும் விட வேண்டாம் என்றார். படித்த டாக்டர் ஒருவர் என் கண்டுபிடிப்பைப் பாராட்டிவிட்டார்! நெஞ்சு விரிந்தது. அவர் வண்டி கேட்டைத் தாண்டும் வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாத்தியா புள்ள" என்று ஆரம்பித்தேன். "உள்ளுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கெடந்தாலும், சரியான காந்தம் பக்கத்துல வந்தாச் சும்மா கெடந்த இரும்பும் ஒரு தெசைக்கு வந்துரும். மனுசனும் அப்படித்தான். என்னையே எடுத்துக்க. என் மூளை நாலாபக்கமும் ஓடுது. ஆனா பக்கத்துல நீ இருக்கறதால..."

அவள் பால் கேனைக் கழுவிக் கவிழ்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கல்லோடு படபடத்துக்கொண்டிருந்த தார்ப்பாயைப் பார்த்தாள்.

"போயிக் கயிறு வாங்கிட்டு வாங்க."