அழைப்புக்கு ஒரு மலையாளச் சொல்

அந்தத் தாளின் இடப்பக்கம் நான்கில் ஒரு பங்கு மடித்து ஓரம் விடப்பட்டிருந்தது. மேலதிகாரி குறிப்பு எழுதுவதற்கு அவ்வளவு இடம் விட வேண்டும் என்பது விதி. வேலையை விட்டுப் போகிற கடிதத்திலும் அந்த ஓரத்தை ஒழுங்காக விட்டிருந்தார் எங்கள் தலைமைக் குமாஸ்தா. உள்ளே நான்கே வரிகள். கர்த்தருடைய அழைப்பு தனக்கு வந்திருப்பதால் உத்தியோகத்தை ராஜினாமா செய்ய உத்தரவாக வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, எங்கள் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போகுமா போகாதா என்று டீக்கடைகளில் கைகலப்பு நடந்த காலம் அது. நாகர்கோவில் வருவாய்க் கச்சேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் தமிழ்க் கடிதங்களை மலையாளத்தில் பெயர்த்து அனுப்புவது என் வேலை. ஆகவே அந்தக் கடிதமும் என் மேசைக்கு வந்தது.

அவருக்கு அழைப்பு வந்த விதம் கச்சேரி முழுவதற்கும் தெரியும். நிலவரி விசாரணைக்காகக் கீரிப்பாறைப் பக்கம் போயிருக்கிறார். ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லைன் வீடு ஒன்றில் காய்ச்சலில் இறந்த குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டும் கையில் கட்டுக் காகிதமுமாக வந்தவரை சபை உபதேசியார் என்று நினைத்து, ஜெபம் பண்ணும்படி தாய் காலைப் பிடித்திருக்கிறாள். இவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் மற்றவர்கள் முன்னால் வாய் திறந்து ஜெபித்தவர் அல்லர். தான் உபதேசியார் இல்லை என்று சொல்ல நா எழவில்லையாம். ஜெபித்துவிட்டார். புறப்படும்போது அவள், "ஐயா இனி எப்ப வருவிய?" என்று கேட்டாளாம். அவருக்கு வந்த அழைப்பு அவ்வளவுதான். நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் நான் ஒரு யோசனை சொன்னேன். காரணம் என்கிற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் உலகத்தில் எந்த அதிகாரியும் கேள்வி கேட்க மாட்டான்.

"பொய் எழுதச் சொல்லுதீரே, வே. என் சொந்தக் காரணத்தப் பாத்தா நான் இங்கதான் இருக்கணும்" என்றார்.

எங்கள் பியூனுக்கு வேறு சந்தேகம். "பென்ஷனுக்கு நாலு வருசம் கெடக்கம்ப ஆரயாவது கடவுள் விளிப்பாரா சார்? ரிட்டயர்டு ஆன பொறவு விளிச்சாப் பத்தாதா?" என்று என்னிடம் கேட்டான். நான் சிரித்தேன். அந்த வாரமே ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையில், தலைமைக் குமாஸ்தாவின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாளுக்கு நெடுநாளாக இழுப்பு. பேச்சின் நடுவே மூச்சுக்காக நிற்பார்.

"அந்த மலை மழை எனக்கு ஆகாது தம்பி. அவியள விட்டுட்டு இங்க தனியா இருக்கவும் எனக்கு ஆகாது. கடுதாசி ஒங்க கையிலதான் இருக்காம். எப்பிடியாவது நிறுத்திப்போடுங்க. ஆறு மாசம் போனா அவிய மனசு ஆறிரும்."

கடிதத்தை நிறுத்தி வைப்பது குற்றம். தவறாக மொழிபெயர்ப்பது திறமைக் குறைவு மட்டுமே. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அழைப்புக்குச் சரியான மலையாளச் சொல் 'விளி'; பியூனுக்குக்கூட அது வாயில் வந்துவிட்டது. நான் 'க்ஷணம்' என்று எழுதினேன். மலையாளத்தில் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் அழைப்பதற்குத்தான் அந்தச் சொல். கர்த்தர் என்பதை ஒருவர் பெயர்போலத் தோன்றும்படி அப்படியே விட்டுவிட்டேன். யார் இந்தக் கர்த்தர், என்ன க்ஷணம் என்று விளக்கம் கேட்டுத் தாள் திரும்பும், பதில் எழுதுவோம், மறுபடி திரும்பும், ஆறு மாதம் ஓடிவிடும் என்பது என் கணக்கு.

மேலிடத்தில் இருந்தவர் என்னைவிடச் சுருக்கமாக முடிக்கிற மனிதர். இரண்டே வாரத்தில் பதில் வந்தது. விருந்துக்குச் செல்வதற்கு ராஜினாமா அவசியமில்லை. இரண்டு நாள் தற்செயல் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. எங்கள் தலைமைக் குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். விடுப்பு விண்ணப்பம் ஒன்றை முறைப்படி எழுதி வைத்துவிட்டு, மேசைச் சாவியைப் பியூனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அடுத்த மாதம் அவர் மனைவியும் வீட்டைக் காலி செய்துகொண்டு மலைக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி. அனுமதியின்றி வராமல் இருந்ததற்கு விளக்கம் கேட்டு மூன்று குறிப்பாணைகள்; மூன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் பணி நீக்க உத்தரவு. நான்கையும் எழுதியவன் நான். மரியாதையாக ராஜினாமா செய்து போயிருக்க வேண்டியவர், ஓடிப்போனவர் என்று பதிவேட்டில் ஏறினார். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்து நன்றாகவே வந்தது. உத்தரவைப் பியூன் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்பம் வாங்க வேண்டும். எழுதியவனே கொண்டுபோகக் கூடாது என்று விதி இல்லாததால் நானே போனேன்.

கீரிப்பாறையில் மழை பெய்துகொண்டிருந்தது. லைன் வீட்டின் கடைசி அறையில் இருந்தார். கோட்டு இல்லை. முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. உத்தரவை முழுக்கப் படித்தார். ஓர் இடத்தில் தேதி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நான் எழுதிச் சேர்த்த பிறகுதான் ஒப்பமிட்டார்.

"அழைப்புக்கு க்ஷணம்னுல்லா எழுதினீரு?"

"ஆமா சார்."

"சரியாத்தான் வே எழுதியிருக்கீரு. விருந்துக்குத்தான் கூப்பிட்டிருக்காரு." குலுங்கிச் சிரித்தார். "ஏட்டி, விருந்துக்கு வந்தவருக்கு ஏதாம் குடு!"

அவர் மனைவி அவித்த மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் கொண்டுவந்து வைத்தார். குனிந்தபோது அவர் மூச்சு விசிலடித்தது. "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா தம்பி?" என்று மட்டும் கேட்டார். போதும் என்றேன். வாசலில் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் பழைய தலைமைக் குமாஸ்தாவுக்காகக் காத்து நனைந்துகொண்டு நின்றார்கள்.

புறப்படும்போது, "என் எடத்துக்கு ஆரப் போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் முகம் மாறவில்லை. "நல்லது வே. அந்த ஜன்னல் வழியா மூணு மணிக்கு வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும். நாற்காலியக் கொஞ்சம் செவரு பக்கமாத் தள்ளிப் போட்டுக்கிடும்" என்றார். அந்தப் பெண்களோடு மழையில் இறங்கிப் போனார்.

மறுநாள் கச்சேரிக்குப் போனதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவர் சொன்னது சரிதான். ஓய்வு பெற்ற நாள்வரை என்மீது வெயில் படவே இல்லை.