குளியலறைக்கு வந்த எறும்புகள்

எங்கள் குளியலறையில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த அன்று அம்மா தையல் மிஷினை அப்படியே நிறுத்திவிட்டாள். சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய்தான் என்பது அவள் தீர்ப்பு. சந்தேகம் முழுவதும் அப்பா மேல்.

புன்னைக்காயல் மாமாவுக்குச் சர்க்கரையால் கால்விரலை எடுத்ததிலிருந்து அம்மா வீட்டுக்குள் இனிப்பையே விடுவதில்லை. துறைமுக வேலை முடிந்து வரும் அப்பா, முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போவார். பொரபொரவென்று உதிர்ந்த அந்தத் தூளுக்குத்தான் எறும்புகள் வந்தன. எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொள்ள எனக்கும் ஒன்று கிடைத்துவந்தது.

“எறும்பு வந்துட்டு. இனி என்னத்த மறைக்கீங்க?” என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்வதைவிட ரத்தம் கொடுப்பதே மேல் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினார்; அம்மாவும் சாப்பிடாமல் கூடவே போனாள். கிரேனில் ஏறி லாரி லாரியாகச் சரக்கைத் தூக்கும் மனிதர், ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏளா, நீயும் குடு. அப்பதான் நான் குடுப்பேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு முதலில் கையை நீட்டினாள்.

சாயங்காலம் டாக்டரம்மா முடிவைச் சொன்னார். “சாருக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் சர்க்கரை வரப் பாக்குது. இன்னும் வரல.”

“நான் இனிப்பத் தொடுறதே இல்லையே, டாக்டர்.”

“சோறு நிறைய சாப்பிடுதீங்க, நாள் முழுக்க மிஷின்ல உக்காந்திருக்கீங்க, அண்ணனுக்கும் இருக்குங்கீங்க. இப்பவே சோத்தக் குறைச்சு, காய்கறியக் கூட்டி, தினமும் நடந்தா வராமலே தடுக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க.”

வெளியே வந்ததும் அப்பா மக்ரூன் கதையை ஒப்புக்கொண்டார். நான் பயந்து ஒதுங்கி நின்றேன். அம்மா நடுரோட்டில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“நல்லவேள தின்னீங்க.”

அன்றிலிருந்து இருவரும் மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். சில மாதங்களில் அம்மாவின் சர்க்கரை அளவு இறங்கிவிட்டது. இன்றுவரை அந்த நோய் அவளை அண்டவில்லை, நினைத்தாலே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் அப்பாவும் தன் தட்டில் சோற்றைப் பாதியாக்கினார், டீயில் சர்க்கரையை நிறுத்தினார். ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன மனிதர் எதற்குப் பத்தியம் இருக்கிறார்? அம்மா பயப்படக் கூடாதென்று தன் நோயை மறைக்கிறார் என்று நானே முடிவுகட்டி, அது அம்மாவுக்குத் துணையாகத்தான் என்று புரியும்வரை வெகுநாள் குடும்ப ஜெபத்தில் அப்பாவின் சர்க்கரைக்காக மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.