பழைய மெசினின் சத்தம்

முனவ்வறாவின் தோய்க்கிற மெசின் ஒரு வெள்ளிக்கிழமை காலை புகைந்து நின்றது. அது அந்த வீட்டுக்கு வரும்போதே பழசு. குவைத்தில் ஆறு வருடம் உழைத்திருந்தது. அங்கே வீட்டுக்காரி புதியது வாங்கியதும் பழையதை வேலைக்கு நின்ற முனவ்வறாவின் மகள் ஸுல்பிகாவுக்குக் கொடுத்தாள். ஸுல்பிகா அதை மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி, எண்பதாம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது கொழும்பிலிருந்து லொறி பிடித்துக் கல்முனைக்குக் கொண்டுவந்து உம்மாவின் கிணற்றடியில் இறக்கினாள். இரண்டு தொட்டி உள்ள மெசின். ஒரு பக்கம் தோய்க்கும், மறுபக்கம் சுற்றிப் பிழியும்.

அந்த வீட்டில் அது பகட்டுச் சாமான் அல்ல. ஸுல்பிகாவின் வாப்பா அச்சிமுகம்மது இறக்காமத்தில் வயல் செய்தவர். வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து கட்டிலில் கிடந்தார். கிடந்தபடியே ஐந்து வேளையும் தொழுவார். ஆகவே விரிப்புச் சுத்தமாக இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று விரிப்பு, சில நாள் ஐந்து. மெசினிலிருந்து எடுத்த பிறகும் முனவ்வறா ஒவ்வொன்றின்மேலும் மூன்று தரம் கிணற்று நீர் ஊற்றாமல் கொடியில் போடமாட்டாள். அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கி, மடங்க மறுக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு வருடமாக அந்த விரல்களை மெசின்தான் காப்பாற்றி வந்தது.

தம்பி மீராசாஹிபு வந்து பார்த்தான். சந்தையில் கடை வைத்திருப்பவன், அக்காவில் பட்சமுள்ளவன். மூடியைத் திறந்தான், மூடினான். கடற்காற்றும் கிணற்று மணலும் தின்றுவிட்டன, இதற்குக் காசு செலவழிப்பது வீண், புதியது ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் அக்காவிடம் கேளாமலே குவைத்துக்குக் கடிதமும் எழுதிவிட்டான்.

முனவ்வறாவுக்கு எழுதத் தெரியாது. அவளும் மகளும் கசட்டில் குரலைப் பதிந்துதான் கதைத்துக்கொண்டார்கள். குவைத்துக்குப் போகிறவர்களின் பெட்டியில் ஒரு கசட் போகும், வருகிறவர்களின் பெட்டியில் ஒன்று வரும். அடுத்த மாதம் வந்த கசட்டில் ஸுல்பிகா எல்லோருடைய சுகமும் விசாரித்த பிறகு சொன்னாள்:

“மாமா எழுதினார் உம்மா. வீட்டுக்காரி இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்றா. நிண்டா புது மெசின் வாங்கித் தாறாவாம். ரெண்டு வருஷந்தானே உம்மா.”

முனவ்வறா அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டாள். வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, கதவும் வைத்தாயிற்று. மகள் போனதே அந்த வீட்டுக்காகத்தான். திரும்பிவர இன்னும் மூன்று மாதம் இருந்தது. ‘தானே’ என்ற இடத்தில் பிள்ளையின் குரல் கீழே இறங்கியது. மூன்றாம் தரமும் அது அந்த இடத்திலேயே இறங்கியது.

அன்றைக்கே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனாள். அங்கே கனகரெத்தினம் தண்ணீர்ப் பம்புகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் மோட்டர் சுற்றிக் கொடுப்பவர். தோய்க்கிற மெசினை அவர் கண்டதில்லை. வந்து, சரித்துக் கிடத்தி, அடித்தகட்டைக் கழற்றி, வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.

“இது இனிக் கோழி அடைக்கத்தான் ராத்தா உதவும்.”

“கோழிக்கூடு செய்யிறதெண்டா நான் தச்சனையெல்லோ கூப்பிட்டிருப்பன், தம்பி.”

கனகரெத்தினம் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார். தோய்க்கிற பக்கத்து மோட்டர் கருகியிருந்தது. அதைச் சுற்றலாம். தண்ணீர் கசியும் வளையத்துக்குப் பம்பு வளையம் ஒன்றை வெட்டிப் பொருத்தலாம். நேரம் வைக்கும் குமிழ் உப்பில் உக்கிப் போயிருந்தது. அதற்குப் பதில் சுவர்ச் சுவிட்ச் ஒன்று பூட்டினால் போதும், நிறுத்துவது அவள் பொறுப்பு. ஆனால் மோட்டரைத் தள்ளிவிடும் கப்பாசிட்டர் வெடித்திருந்தது. இந்த அளவில் கல்முனையில் எங்கும் கிடையாது. பிழிகிற பக்கத்தில் ஒன்று இருந்தது.

“ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான் கிடக்கு. எந்தப் பக்கம் வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க.”

முனவ்வறா தன் விரல்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழிகிற பக்கத்தைத்தான் கேட்டிருப்பாள், ஈரத் துணியை முறுக்குவதுதான் அவளுக்குக் கூடிய நோவு. தோய்க்கிற பக்கம் என்றாள். அழுக்குப் போகாவிட்டால் அவருக்குத் தொழுகை இல்லை. ஈரம் கொஞ்சம் கூடினால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

நாலாம் நாள் மெசின் ஓடியது. நேரக் குமிழ் இல்லாததால் முனவ்வறா தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்து நூறு ஸலவாத்து ஓதி முடித்ததும் சுவிட்சை நிறுத்தினாள். கிணற்று நீரைப் பழைய சாரத் துணியில் வடித்தே ஊற்றினாள், மணல் இனி உள்ளே போகக் கூடாது. பிழிவதற்கும் வழி கண்டாள். விரிப்பைக் கிணற்றடிக் கப்புத் தூணில் சுற்றி, இரு முனையையும் முடிந்து, நடுவில் உலக்கையைச் செருகித் திருகினாள். திருகுவதற்கு விரல் தேவையில்லை, முழங்கை போதும். கனகரெத்தினம் அதைப் பார்த்து, இதை முதலே சொல்லியிருந்தால் தோய்ப்பதற்கும் ஒரு வழி கேட்டிருப்பேனே என்றார்.

இனி மகளுக்குச் சொல்ல வேண்டும். அதில்தான் சிக்கல். அச்சிமுகம்மது விழுந்தபோது முனவ்வறா பத்து மாதம் கசட்டுக்குக் கசட், வாப்பா சுகம், வயலுக்குப் போயிருக்கிறார் என்றே சொல்லி வந்தாள். ஸுல்பிகா விடுமுறையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கட்டிலைக் கண்டாள். அதற்குப் பிறகு உம்மா ‘சுகம்’ என்றால் அவள் நம்புவதில்லை. மெசின் நல்லாயிற்று என்று சொன்னாலும் நம்பமாட்டாள்.

மறுநாள் காலை, கரண்ட் நல்லாக இருந்த நேரம், முனவ்வறா கசட் பதிகிற ரேடியோப் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கட்டையில் வைத்தாள். இரண்டு விரிப்புகளைப் போட்டாள். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அழுத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். வழக்கமான சலாமும் சுகமும் ஒன்றுமில்லை.

“மகள், இது நம்மட பழைய மெசின்ட சத்தம். கேளுங்க.”

அவ்வளவுதான். பிறகு நூறு ஸலவாத்து முடியும்வரை மெசின் ஓடியது. நின்றதும் பொத்தானை நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. பிழிகிற பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கசட்டில் இருந்தது முழுக்க உண்மை.

கசட் போய் நாற்பது நாள் பதில் இல்லை. அந்த நாற்பது நாளும் அவள் வடித்தாள், தோய்த்தாள், திருகினாள். மீராசாஹிபு ஒருநாள் வந்து மெசின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடிதம் எழுதியதற்கு ஏதோ சொல்ல வந்தான். அவள் உலக்கையின் மறுமுனையை அவனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான்.

பதில் கசட் வந்த அன்று கட்டிலருகில் வைத்துப் போட்டார்கள்.

“உம்மா, கேட்டன். நம்மட மெசின்தான். இடைக்கிடை ஒரு விக்கல் வரும், எனக்குத் தெரியும். நீங்க ஓதுறதும் கேட்டுது. அப்ப நேரக் குமிழ் இல்ல, என்ன? பிழியிற பக்கத்துச் சத்தம் எங்க உம்மா?”

முனவ்வறா தன் கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லமாட்டீங்க. அந்தக் கையோட நீங்க பிழியிறத நெனச்சா எனக்குச் சோறு இறங்குதில்ல. வீட்டுக்காரியோட கதைச்சிட்டன். புது மெசின் வேணாம் எண்டிட்டன். சொன்ன திகதிக்கே வாறன். நான் வந்து பிழியிறன்.”

கட்டிலில் அச்சிமுகம்மது சிரித்தார். வாய் கோணிய பிறகு அவர் சிரிப்பது அழுவதுபோலவே இருக்கும், முனவ்வறாவுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். அவர் ஏதோ சொல்ல முயன்றார். அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

“புடி… பட்டுட்டா,” என்றார்.

“ஓம், புடிபட்டுத்தான் போனன்,” என்று முனவ்வறா அவருக்குக் கீழே கிடந்த விரிப்பை மெல்ல உருவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.