அர்ச்சனைத் தட்டில் என் வீட்டுக்காரர் பெயர்

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அம்மன் கோயில் அர்ச்சனைக்குக்கூட என் மகள்தான் சொல்வாள்.

ஏரியில் மீன்முள் குத்திய கால் சீழ் பிடித்து, என் வீட்டுக்காரர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் மருந்தோடு வந்து, "இவர் பேரு இன்னாக்கா?" என்றாள்.

"சீட்டுல கீதே, பாரு."

"சீட்டு கட்டில்ல தொங்குது. காலையிலதான் ஆளுங்களை மாத்திப் படுக்கவெச்சாங்க. நீங்க சொல்லுங்க."

எனக்குக் கோபம் பொங்கியது. உயிர் ஊசலாடும்போது பெயர் கேட்கிறாளே! "திருப்பதி சாமி பேரு. ஊசியைப் போடும்மா!" என்று கத்தினேன்.

"பக்கத்துக் கட்டில் சீட்டுல சீனிவாசன்னு இருக்குது. அதுவும் திருப்பதி சாமிதான். அவருக்கு இந்த மருந்து ஆகாது. நரம்புல ஏத்திட்டா திருப்பி எடுக்க முடியாதுக்கா."

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அவர் மனைவி முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏழுமலை," என்றேன். நர்ஸ் சீட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டு மருந்தை ஏற்றினாள். அவர் பிழைத்தார்.

"பேரைச் சொல்லி எங்கண்ணன் ஆயுசைக் கொறைச்சிட்டா" என்று நாத்தனார் ஊரெல்லாம் பேசுகிறாள். பேசாமல் நின்றிருந்தால் ஆயுசு எங்கே இருந்திருக்கும்?

இப்போது அர்ச்சனைத் தட்டை நானே நீட்டுகிறேன். நாத்தனார் பக்கத்தில் நின்றால், ஏழுமலை என்று இன்னும் சத்தமாகவே சொல்கிறேன். அம்மன் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை.